வெள்ளையெல்லாம் மாவுப்பூச்சி அல்ல

எழுமலைப் பக்கம் கிணற்றடிப் பப்பாளியோ, வேலியோரச் செம்பருத்தியோ, காட்டில் நிற்கும் பருத்தியோ, இலையில் வெள்ளையாக மாவு அப்பியிருந்தால் மருந்து டேங்க்கை முதுகில் மாட்டக் கை பரபரக்கும். அதற்கு முன் ஒரு நிமிடம் அந்த வெள்ளையை உற்றுப் பாருங்கள்.

மாவுப்பூச்சி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். தொட்டாலும் மெல்லத்தான் நகரும். அந்தக் கூட்டத்துக்குள் நீளமான மெழுகு இழைகளைச் சுமந்துகொண்டு, அதைவிடப் பல மடங்கு பெரிதாக ஒன்று விறுவிறுவென ஊர்ந்தால், அது கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்னத்தான் வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டை 1898இலேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தோற்றத்தில் ஏமாந்து நாம் மருந்தடிக்கிறோம். மாவுப்பூச்சியை அதன் மெழுகுப் போர்வை பெருமளவு காப்பாற்றிவிடுகிறது. காவலுக்கு வந்தது செத்துப்போகிறது.

2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று தமிழகமெங்கும் பரவியது. திரும்பத் திரும்ப மருந்தடித்தும் அடங்கவில்லை. நம்மூர்ப் பட்டாம்பூச்சி ஒன்றின் புழுவும் அதைத் தின்றது. ஸ்பால்ஜிஸ் என்று பெயர். அதன் கூட்டுப்புழு அச்சு அசலாகக் குரங்கு முகம் போலவே இருக்கும், இலையில் கண்டால் குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஆனாலும் அந்தப் புழு தின்பதைவிட மாவுப்பூச்சி பெருகுவது வேகமாக இருந்தது.

வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சிக்கு, அதன் பூர்விகத்தில் இருந்த எதிரி இங்கே இல்லை. அதனால் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகள் பெங்களூருக்கு வந்தன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவிதான் பெரும்பகுதி வேலையை முடித்தது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத உருவம், மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும். குஞ்சு உள்ளிருந்தே தின்று, ஓட்டை போட்டு வெளியே வரும். சில மாதங்களிலேயே தோட்டங்கள் தெளியத் தொடங்கின.

இந்தக் காவலுக்கு எறும்பும் எதிரி. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புநீருக்காக எறும்பு அதைக் கட்டிக்காத்து, வண்டையும் குளவியையும் விரட்டும். எனவே முதலில் செடியடியில் எறும்புப் புற்று இருக்கிறதா என்று பாருங்கள். இலையில் மாவுப்பூச்சி பழுப்பேறி, உப்பி, வட்டமாகத் துளை விழுந்து கிடந்தால் குளவி வேலையைத் தொடங்கிவிட்டது. துளை விழாத பழுப்பு உடல்களுக்குள் அடுத்த குளவி வளர்ந்துகொண்டிருக்கும். அந்த இலைகளைப் பறித்து எரித்துவிடாதீர்கள்.