காசு எண்ணத் தெரியாத சிங்கம்

விண்வெளித் துறைமுகம். கப்பலை நிறுத்தியதற்குக் கட்டணம் கேட்கிறார் அதிகாரி. வந்திறங்கிய சிங்கமுக வீரன் எத்தனையோ சண்டைகளில் ஜெயித்தவன். நீட்டிய ரசீதைப் பார்த்துத் திருதிருவென்று விழிக்கிறான். நிலத்துக்காக உயிரையும் விடுவான். பணம் மட்டும் அவனுக்குப் பிடிபடாத சங்கதி. அவன் இனத்தில் வரவுசெலவெல்லாம் பெண்கள் பாடு. கடைசியில் அக்கா வந்து கட்டணத்தைக் கட்டுகிறாள்.

டிராவலர் என்ற ஆட்டத்தில் நடக்கக்கூடிய காட்சி இது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி, பேசிப் பேசியே கதையை நகர்த்தும் ‘ரோல்-பிளேயிங்’ ஆட்டம். சிங்கமுக இனத்தின் பெயர் அஸ்லான். இப்படி ஒரு வேற்றுக்கிரகவாசி மேசைக்கு வந்து சேரச் சில ஆண்டுகள் பிடித்தன.

மார்க் மில்லர் வடிவமைத்த டிராவலர் 1977-இல் அமெரிக்காவில் வெளியானபோது, பெட்டிக்குள் மூன்று சின்னக் கறுப்புப் புத்தகங்கள் இருந்தன. ராணுவத்திலும் கடற்படையிலும் பணியாற்றி ஓய்ந்த மனிதரை உருவாக்க அவற்றில் விதி உண்டு. வேற்றுக்கிரகவாசியாக ஆட விதி இல்லை. 1982-இல் டிஎஸ்ஆர் நிறுவனத்தின் ஸ்டார் ஃபிராண்டியர்ஸ் ஆட்டம் வந்தது. எலும்பே இல்லாமல் உருவம் மாறும் டிராலசைட், பூச்சி உடம்புள்ள விரஸ்க், குரங்குச் சாயலில் சறுக்கிப் பறக்கும் யாசிரியன் என்று விதவிதமாக ஆடலாம். ஆனால் குணம் என்ற பெயரில் கிடைத்தது பெரும்பாலும் பகடையில் ஒரு சலுகைதான். டிராலசைட்டுக்குப் பொய்யைக் கண்டுபிடிக்க 5 சதவீத வாய்ப்பு, கொசுறாக மொக்கை ஜோக்குகளில் பிரியம்.

டிவியிலும் அன்று அதே நிலைமை. ஸ்டார் ட்ரெக் தொடரில் 1967-இல் முதன்முதலாக வந்த கிளிங்கான்கள், முகத்தைக் கறுப்பாக்கித் தாடி ஒட்டிய மனிதர்கள். நெற்றியில் மேடு முளைத்ததே 1979 திரைப்படத்தில்தான்.

காற்று மாறியது எண்பதுகளின் நடுவில். ஜான் எம். ஃபோர்டு 1983-இல் ஃபாசா நிறுவனத்துக்காகக் கிளிங்கான்களைப் பற்றி ஓர் ஆட்டப் புத்தகம் எழுதினார். மூர்க்கர்களாக மட்டுமே தெரிந்தவர்களுக்கு அவர் ஒரு சமூகம் கொடுத்தார்; சாம்ராஜ்யத்தையே முடிவில்லாத ஓர் ஆட்டமாகப் பார்க்கும் மனம் கொடுத்தார். மார்க் ஒக்ராண்ட் 1985-இல் அவர்கள் மொழிக்கு அகராதியே போட்டார்.

டிராவலரும் 1984 முதல் இனத்துக்கொரு புத்தகம் வெளியிடத் தொடங்கியது. ஓநாய் வழிவந்த வார்கருக்கு, அந்தஸ்தைக் குறிக்கும் எண்ணை எடுத்துவிட்டு மவுசைக் குறிக்கும் எண்ணை வைத்தார்கள். ஜெயித்தால் மவுசு ஏறும், சொதப்பினால் இறங்கும். தலைவன் நேற்று தலைவனாக இருந்தான் என்பதற்காக இன்று யாரும் அவன் பின்னால் போகமாட்டார்கள்.

இவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது கக்ரீ. குதிரை போன்ற உடலும் நிமிர்ந்த மேல்பாதியும் கொண்ட, மந்தையாக வாழும் தழை தின்னி. தனியாக இருந்தால் தவித்துப்போகும், நாலு சுவருக்குள் அடைத்தால் மிரளும். ஊன் தின்பவர்களைக் கண்டாலே அருவருப்பு. இதை நெருக்கடியான ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றிப் பாருங்கள். குடும்பத்தையும் வேலைக்காரர்களையும் விட்டுவிட்டு வராது. கதவைச் சாத்தினால் அலறும். சமையலறையில் யாராவது கறி வதக்கினால் அன்றைய ஆட்டம் முழுக்க அந்தச் சண்டைதான். ஆட்டக்காரர் குரலைக்கூட மாற்ற வேண்டாம். ‘கதவைத் திறந்தே வையுங்கள்’ என்றால் போதும், மேசைக்கு வேற்றுக்கிரகம் வந்துவிடும்.

இன்று நிலைமை வேறு. 2017-இல் வந்த ஸ்டார்ஃபைண்டர் ஆட்டத்தில் ஷிர்ரன் என்ற பூச்சியினம் இருக்கிறது. ஒரே கூட்டு மனமாக இருந்த பெருங்கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தவர்கள். தானாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அவர்களுக்கு உடம்பிலேயே இன்பம் தரும். இட்லியா தோசையா என்று சர்வர் கேட்டால் ஷிர்ரன் அந்தக் கணத்தைச் சப்புக்கொட்டி ரசிப்பான்.

இன்னொரு மாற்றம் கொஞ்சம் கசப்பானது. 2022-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஸ்பெல்ஜாமர் புத்தகத்தில் ஹாடோசி என்ற குரங்கினத்துக்கு ஒரு பூர்வகதை எழுதியிருந்தார்கள். மந்திரவாதி ஒருவன் பிடித்துவந்து, மருந்து கொடுத்து அறிவூட்டி, அடிமைகளாக விற்கப் பார்த்தானாம். கறுப்பின மக்களின் வரலாறு இப்படியா கேலியாகும் என்று வாசகர்கள் கொதித்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கியது. 1967-இல் கிளிங்கானின் முகத்தைக் கறுப்பாக்கியபோது வராத கேள்வி, 55 ஆண்டுகள் கழித்து வந்தது. வேற்றுக்கிரகவாசி என்று நாம் வரைவது பல சமயம் நமக்குப் பிடிக்காத பக்கத்து மனிதனைத்தான். அதே ஆட்டத்தின் 2024 பதிப்பில் ‘ரேஸ்’ என்ற சொல் போய் ‘ஸ்பீசிஸ்’ வந்துவிட்டது. வலிமைக்கும் அறிவுக்கும் கிடைக்கும் கூடுதல் எண்கள் இப்போது இனத்தைப் பொறுத்தவை இல்லை; பாத்திரம் வளர்ந்த பின்னணியைப் பொறுத்தவை.

இந்த மாற்றம் நியாயமானது, வர வேண்டியதுதான். ஆனால் ஒரு நஷ்டமும் உண்டு. இனம் ஆட்டக்காரரிடம் எதையுமே கேட்காவிட்டால், மிஞ்சுவது உணர்கொம்பு ஒட்டிய மனிதன். 1967-இன் ஒப்பனை அறைக்கே திரும்பிவிடுகிறோம். அன்றைய குறை, ஓர் இனத்தில் எல்லாரும் ஒரே அச்சு. இன்றைய ஆபத்து, எந்த இனமானாலும் நம்மைப் போலவே இருப்பது.

இரண்டுக்கும் மருந்து, அஸ்லானுக்காக டிராவலர் வெளியிட்ட 1984 புத்தகத்திலேயே இருக்கிறது. அஸ்லான் ஆணுக்குப் பணம் புரியாது என்ற விதியோடு, அதைத் தனித் திறமையாகக் கற்றுக்கொள்ளலாம் என்ற வழியையும் வைத்திருந்தார்கள். இனம் விதியைத் தரும். அதோடு ஒருவன் மல்லுக்கட்டும் இடத்தில் பாத்திரம் பிறக்கும்.

அடுத்த முறை வேற்றுக்கிரகவாசியாக ஆட உட்காரும்போது எத்தனை கை, என்ன நிறம் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். எது இல்லாமல் அதனால் இருக்க முடியாது, எதைச் செய்தால் சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று முதலில் தீர்மானியுங்கள். ஒன்றும் தோன்றவில்லையா? அந்தச் சிங்கத்துக்குக் காசு எண்ணக் கற்றுக்கொடுங்கள், அக்காவுக்குத் தெரியாமல்.