வெறுங்காலும் வெற்றிக் கேடயமும்

சென்ற ஐப்பசி விடுமுறையில் யாம் எம் ஊராகிய துறையூர்க்குச் சென்றிருந்த காலை, அயலூர் இளைஞர் சிலரோடு உதைபந்து ஆட நேர்ந்தது. பெருமாள்மலை கண்ணுக்குத் தோன்றும் வெளியொன்றே எம் களம். முன்னாள் இரவு பெய்த மழையால் அது சேறாய்க் கிடந்தது. வந்தவர் காலணி பூண்டிருந்தனர். எம்மவர் பதினொருவரும் வெறுங்காலினர். வழுக்கி வீழ்ந்தும் எழுந்தும் ஒருவாறு ஆடி, மூன்று கோல் வாங்கித் தோற்றோம். வீடு திரும்பும் வழியில் எம் நண்பர் ஒருவர், 1911-ஆம் ஆண்டில் வெறுங்காலினரே ஆங்கிலப் பட்டாளத்தாரை வென்றனர் என்று கூறி எம்மைத் தேற்றினார். அச்சொல் அப்பொழுது இனித்தது. ஆயினும், அவ்வெற்றிக்கு வெறுங்கால்தானோ காரணம் என்னும் ஐயம் எம்மை விட்டு அகலவில்லை. அதுபற்றி ஆராய்ந்து அறிந்தவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இந்திய நாட்டில் உதைபந்தாட்டத்தைப் பரப்பினோர் பெரும்பாலும் ஆங்கிலப் பட்டாளத்தாரும் வணிகரும் கல்லூரி ஆசிரியரும் ஆவர். 1888-இல் சிம்லாவில் டியூராண்டு கோப்பைப் போட்டி தொடங்கிற்று. 1893-இல் கல்கத்தாவில் இந்தியக் கால்பந்துச் சங்கம் நிறுவப்பெற்று, அவ்வாண்டிலேயே கேடயப் போட்டியும் நடைபெற்றது. முதற் கேடயத்தைக் கொண்டவர் ராயல் ஐரிஷ் ரைபிள்ஸ் என்னும் பட்டாளத்தார். அக்காலத்து இப்போட்டியின் முறை யாதெனின், ஒருமுறை தோற்றவர் அவ்வாண்டிற்கு வெளியேறுதலேயாம். பல நாள் ஆடிப் புள்ளி சேர்க்கும் போட்டியில் ஒருநாட் சோர்வை மறுநாள் ஈடு செய்யலாம். அக்காலத்துக் கேடயப் போட்டியிலோ அதற்கு இடமிருந்ததில்லை. ஆகவேதான் இறுதியாட்டம் மக்கள் உள்ளத்தை அத்துணைக் கவர்ந்தது.

மோகன் பகான் சங்கம் 1889-இல் கல்கத்தாவில் தோன்றியது. 1911-ஆம் ஆண்டுக் கேடயப் போட்டியில் அச்சங்கத்தார் முதலில் செயிண்ட் சேவியர்ஸ் குழுவை 3-0 என்றும், அடுத்து ரேஞ்சர்ஸ் குழுவை 2-1 என்றும், பின்னர் ரைபிள் பிரிகேடு பட்டாளத்தை 1-0 என்றும் வென்றனர். அரையிறுதியில் மிடில்செக்ஸ் பட்டாளத்தோடு 1-1 என்று சமன் செய்து, மறுமுறை ஆடி 3-0 என்று வெற்றி கொண்டனர். இவ்வெண்களை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். அரையிறுதியின் மறு ஆட்டம் உட்பட ஐந்து ஆட்டங்களில் அவர் வாங்கிய கோல் இரண்டே! இறுதியாட்டத்தை எய்தியது நற்பேற்றினால் அன்று, உறுதியான காப்பினாலேயாம்.

அக்காலத்து ஆட்டக்காரர் நிற்கும் முறை இந்நாளில் வழங்குவதன்று. கோல்காப்போன் ஒருவர், அவர்க்கு முன் பின்காவலர் இருவர், இடைக்காவலர் மூவர், முன்னணியினர் ஐவர். மோகன் பகானின் கோல்காப்போர் ஹீராலால் முகர்ஜி. பின்காவலர் பூதி சுகுலும் சுதிர் சாட்டர்ஜியும். இடைக்காவலர் மன்மோகன் முகர்ஜி, ராஜேன் சென்குப்தா, நீலமாதவ் பட்டாச்சார்யா. முன்னணியில் கானு ராய், ஹாபுல் சர்க்கார், அபிலாஷ் கோஷ், பிஜயதாஸ் பாதுரி, ஷிப்தாஸ் பாதுரி. பின்னிருவரும் உடன்பிறந்தார், இடப்புறம் இருவரும் அடுத்தடுத்து நின்று ஆடினர். ஷிப்தாஸே குழுத் தலைவர்.

இப்பதினொருவருள் பதின்மர் வெறுங்காலினர். காலணி அணிந்தவர் சுதிர் சாட்டர்ஜி ஒருவரே. இவர் கிறித்தவர், கல்கத்தாவின் பவானிப்பூரில் இருந்த லண்டன் மிஷன் கல்லூரியில் ஆசிரியர். மிஷன் கல்லூரி மாணவராகிய நாம் இப்பெயரைச் சிறிது நின்று நினைத்தல் தகும்.

இறுதியாட்டம் 1911-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள் நடைபெற்றது. எதிர்த்து நின்றவர் கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தார். காண வந்தோர் 60,000 பேருக்கு மேல் என மதிப்பிடப்பட்டது. களத்தருகே நெருங்க இயலாது தொலைவில் நின்றார்க்கு, கோல் கணக்கைக் காற்றாடியில் எழுதிப் பறக்கவிட்டு அறிவித்தனராம். முற்பாதியில் எவரும் கோல் இடவில்லை. பிற்பாதியில் பட்டாளத்தைச் சார்ந்த ஜாக்ஸன், தடையின்றி உதைக்கக் கிடைத்த பந்தொன்றைக் கோலினுட் செலுத்தினார். சிறிது நேரத்தில் ஷிப்தாஸ் அதற்கு ஈடு செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் இரண்டாம் கோலை இட்டார். 2-1 என்னும் கணக்கில், இந்தியக் குழுவொன்று முதன்முறையாக அக்கேடயத்தைப் பெற்றது. அடுத்த இந்தியக் குழுவாகிய முகம்மதன் ஸ்போர்ட்டிங் அதனைப் பெறுதற்கு 1936-ஆம் ஆண்டு வரை நாடு காத்திருந்தது என்றால், இதன் அருமை விளங்கும்.

இவ்வெற்றியைப் பற்றி மக்களிடையே இரு பிழைக் கருத்துகள் உலவுகின்றன. ஒன்று, வங்கப் பிரிவினை நீங்கியது இவ்வெற்றியின் விளைவு என்பது. 1905-இல் கர்ஸன் பிரபு செய்த பிரிவினை, 1911 டிசம்பர் 12-இல் தில்லி தர்பாரில் நீக்கப்பெற்றது உண்மையே. ஆனால் அதற்கு முன்னே ஆறாண்டுக் கிளர்ச்சி உண்டு. ஆட்டத்திற்குப் பின் நிகழ்ந்தமையால் அதனை ஆட்டத்தின் பயன் என்பது, காக்கை ஏறப் பனம்பழம் வீழ்ந்த கதையேயாம். கிளர்ச்சியால் எழுந்த மக்களின் தன்மதிப்பை அவ்வாட்டம் ஒருநாள் மாலையில் எல்லார் கண்ணுக்கும் புலப்படக் காட்டியது என்பதே பொருந்தும்.

மற்றொன்று, வெறுங்காலே வெற்றி தந்தது என்பது. உலர்ந்த நிலத்தில் வெறுங்கால் பந்தை நன்கு உணரும், விரைந்து திரும்பும், குறுந்தொலைவில் பந்தைத் தோழனிடம் சேர்க்கும். ஆனால் ஈர நிலத்தில் அது பற்றுக்கோடின்றி வழுக்கும். காலணியின் அடிக்குமிழ்களோ மண்ணைப் பற்றும். எதிரியின் காலணி மிதித்தால் வரும் துன்பத்தைச் சொல்லவும் வேண்டுமோ? 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டினர் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, பிரான்சு நாட்டிடம் 2-1 என்று தோற்றனர். நம் பக்கத்துக் கோலை இட்டவர் சாரங்கபாணி ராமன். 1952-இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றபின், காலணி அணிதல் கட்டாயமாயிற்று. நான்காண்டு கழித்து, 1956 மெல்போர்னில் காலணி அணிந்து ஆடிய இந்தியர் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று, நான்காம் இடம் பெற்றனர். அவ்வாட்டத்தில் நெவில் டிஸூஸா மூன்று கோல் இட்டார். காலணி ஒன்றே அதற்குக் காரணம் என்று யாம் கூறோம். ஆயின் காலணியால் நம் ஆட்டத்திறன் குன்றும் என்னும் அச்சம் அன்றோடு ஒழிந்தது.

ஆதலின் 1911-இல் வென்றது வெறுங்கால் அன்று. வெறுங்காலினும் தளராத பயிற்சியும், ஒருவர் குறிப்பை ஒருவர் அறிந்த ஒற்றுமையுமே. அப்பதின்மர் தம் வறுங்காலை எண்ணி நாணினாரல்லர். காலணி அணிந்த ஒருவரை அயலாராகக் கருதினாருமல்லர். இல்லாமையை வென்றாரைப் போற்றுதல் நன்று. இல்லாமையையே போற்றுதல் பேதைமை. எம் ஊர்ச் சிறுவர் செருப்பின்றி ஆடுவதைக் கண்டு பழம்பெருமை பேசித் தட்டிக்கொடுப்போர், அவர்க்கு ஓரிணைக் காலணி வாங்கித் தருவாராயின் அதுவே மோகன் பகானுக்குச் செய்யும் சிறப்பாகும்.

இதனை எம் நண்பர்க்கும் எழுதினோம். அவர் சினந்திலர். ஊரில் ஓர் உண்டியல் வைத்திருப்பதாகவும், அடுத்த ஐப்பசிக்குள் பதினோரிணைக்குப் பொருள் சேர்ந்துவிடும் என்றும் விடையெழுதியுள்ளார். எம் பங்கை யாமும் அனுப்பியுள்ளோம்.