கார்டு சாகலை மச்சி!

விருத்தாசலம்காரங்களுக்கு இதைப் புரியவைக்கிறது ரொம்ப ஈஸி. பச்சை மண்ணில் செஞ்ச கப் பார்க்க அம்சமாத்தான் இருக்கும். சூளைக்குப் போகாத அந்தக் கப்பில் டீ ஊத்தினா? கையோட கரைஞ்சு வந்துடும்! (டவுட்னா செராமிக் இன்ஸ்டிடியூட் பசங்களைக் கேளுங்க.) உங்க வீட்டு பீரோ மேலே தூங்குற பழைய லேப்டாப்பின் வைஃபை கார்டும் அப்படித்தான். உடம்பு ரெடி, சூளைதான் பாக்கி!

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் ஆரம்பிச்சது 2011 செப்டம்பர் 15-ல். அப்போ அண்ணனோ அக்காவோ வாங்கின மெஷின் பல வீட்டில் இன்னும் இருக்கு. அந்தக் காலத்து விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ல் மைக்ரோசாஃப்ட் டாட்டா காட்டிடுச்சு. சரின்னு லினக்ஸ் மின்ட் போட்டீங்க. ஜம்முனு ஓடுது... வைஃபையை மட்டும் காணோம்! ஆன்லைன் அப்ளிகேஷனுக்கு நாளைக்குக் கடைசி தேதி. கடையில், 'கார்டு போச்சு தம்பி, புது லேப்டாப் வாங்கிடு'ங்கறாங்க. அப்பாகிட்டே எப்படிக் கேட்கறது? கேட்க வேணாம், கொஞ்சம் பொறுங்க பாஸ்!

முதல்ல கார்டு யாரோடதுன்னு பாருங்க. மேலே இருக்கிற லேப்டாப் கம்பெனி பெயரை நம்பாதீங்க, உள்ளே இருக்கிற சிப் வேற கம்பெனி. டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' கமாண்டை 'என்என்' ஆப்ஷனோட கொடுத்தா ஜாதகமே வரும். நெட்வொர்க் வரியில் நம்பர் 168சி-ன்னு ஆரம்பிச்சா ஏதெராஸ். லினக்ஸிலேயே டிரைவர் இருக்கும், பெரும்பாலும் பிரச்னை வராது. 14இ4-ன்னு இருந்தா ப்ராட்காம். அங்கேதான் கதையே!

இந்தச் சிப் வேலை செய்ய, ஃபர்ம்வேர்னு ஒரு குட்டி ப்ரோக்ராமை கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் அதுக்குள்ளே ஏத்தணும். அதுதான் நம்ம சூளை! உரிமை கம்பெனிகிட்டே இருந்ததால பல லினக்ஸ் சிடிகளில் அதைச் சேர்க்க முடியலை. சிப்பின் ரகசியத்தையும் வெளியே விடலை. கடுப்பான சில புரோகிராமர்கள், சிப் நடந்துக்கிற விதத்தை உளவு பார்த்தே 'பி43'னு ஒரு டிரைவரை எழுதிட்டாங்க. கில்லாடிங்க! ப்ராட்காம் மனசு இறங்கி, தன்னோட புது சிப்களுக்கு ஓப்பன் சோர்ஸ் டிரைவர் கொடுத்தது 2010 செப்டம்பரில்தான்.

சரி, டிரைவரை இறக்க நெட் வேணும். நெட் வர டிரைவர் வேணும். பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்! வழி உங்க பாக்கெட்டிலேயே இருக்கு. ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளில் மாட்டி, செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க. நெட் வயர் வழியா வந்துடும், தனி டிரைவர் எதுவும் வேண்டாம். அப்புறம் மின்ட் மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்தா, ப்ராட்காம் பேரு அங்கே நிக்கும். டிக் பண்ணி, ரீஸ்டார்ட் பண்ணுங்க.

அப்பவும் உங்க ஹாட்ஸ்பாட் மட்டும் தெரியலையா? போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும். பழைய கார்டு பலதுக்கு 2.4 தவிர வேற பாஷை தெரியாது, போனில் மாத்துங்க. எந்த நெட்வொர்க்குமே தெரியலைன்னா லேப்டாப் ஓரத்தில் வயர்லெஸ் சுவிட்ச் ஆஃப்ல இருக்கான்னு பாருங்க. சிரிக்காதீங்க, பாதி கேஸ் இதுதான்!

கார்டு நிஜமாவே செத்திருந்தா சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி அடாப்டர் கிடைக்கும். லினக்ஸில் ஓடுமான்னு சிப் பேரைக் கேட்டு வாங்குங்க. கடைக்காரர் முழிச்சா... அடுத்த கடை!