பர்கருக்குத் தக்காளி சாஸ்தான் வேண்டுமா?



மும்பையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் குடியேறி வாழும் நம்முடைய இல்லங்களில், குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்தவுடன் கண்ணில் படுவது எது? முட்டைகளுக்கு அருகே தலைகீழாக நிறுத்தப்பட்டிருக்கும் சிவப்பு நிறப் புட்டியே அல்லவா! தோசைக்கு அது; சப்பாத்திக்கு அது; சில வீடுகளில் தயிர்சாதத்துக்கும் அதுவே. பர்கர் என்றாலோ கேட்கவே வேண்டாம். கடையில் கொடுத்த சிறு சிறு சாஸ் உறைகளைச் சேர்த்துவைக்க மேசை அறையில் தனி இடமே ஒதுக்கிய குடும்பங்களும் உண்டு.

பிள்ளைகள் பர்கர் உண்பதைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பள்ளியிலும் கல்லூரியிலும் அவர்களுடைய நண்பர்கள் உண்பதை அவர்களும் விரும்புவது இயல்பே. வீட்டிலேயே உருளைக்கிழங்குக் கட்லெட் செய்து, பேக்கரி ரொட்டியின் நடுவில் வைத்துக் கொடுக்கும் தாய்மார் இன்று அநேகர். கட்லெட்டை அத்தனை பிரயாசப்பட்டுச் செய்துவிட்டு, அதன்மேல் புட்டியைக் கவிழ்ப்பது ஏன் என்பதே நம்முடைய கேள்வி.

புட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பெரும்பாலான தக்காளி கெட்சப்புகளில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். ஒரு மேசைக்கரண்டி சாஸில் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி சர்க்கரை என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். உணவில் நாம் சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருப்பது நலம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் பெரியவர்களுக்கே ஆலோசனை கூறியது. ஒரு பர்கருக்கும் அதனுடன் வரும் உருளைக்கிழங்கு வறுவலுக்குமாக மூன்று மேசைக்கரண்டி சாஸைத் தாராளமாக ஊற்றிக்கொள்ளும் பிள்ளைக்கு, அதில் பாதி அந்த ஒரு வேளையிலேயே போய்விடுகிறது. குளிர்பானம் இந்தக் கணக்கில் சேரவில்லை! உப்பும் சாஸில் குறைவானதன்று. சர்க்கரை வியாதி பெற்றோர் இருவருக்குமே உள்ள குடும்பங்கள் நம்மிடையே எத்தனை என்பதை எண்ணிப் பார்த்தால், இதை அற்பக் காரியமாகத் தள்ளிவிட இயலாது.

கெட்சப் என்றாலே தக்காளி என்று நினைக்கிறோம். ஆதியில் அதில் தக்காளியே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியுமா? தென்சீனத்து ஹொக்கியன் மொழி பேசுவோர், உப்பிலிட்டுப் புளிக்கவைத்த மீன் சாற்றுக்கு வழங்கிய பெயரே அது. கீழ்த்திசை நாடுகளுக்கு வணிகம் செய்ய வந்த ஆங்கிலேயர் அந்தச் சுவையைத் தங்கள் தேசத்துக்குக் கொண்டுபோய், காளானிலும் வால்நட் கொட்டையிலும் நெத்திலி போன்ற சிறு மீன்களிலும் கெட்சப் செய்தனர். 1812-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் மீஸ் என்னும் மருத்துவர் தக்காளியில் செய்யும் முறையை எழுதி வெளியிட்டார். 1876-இல் ஹைன்ஸ் நிறுவனம் அதைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. ஆக, அந்தந்த ஊரில் கிடைத்ததைக்கொண்டு அவரவர் செய்துகொண்ட தொடுகறியே இது. நாம் மட்டும் ஏன் நம் அடுக்களையில் கிடைப்பதைக்கொண்டு செய்யக் கூடாது?

செய்வதற்கு முன், சாஸ் பர்கரில் என்ன வேலை செய்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. எண்ணெயில் பொரித்த கட்லெட்டின் கொழுப்பை நாவில் தணிக்கப் புளிப்பு வேண்டும். ரொட்டியின் சப்பென்ற சுவைக்கு உப்பும் காரமும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது கெட்டியாக இருக்கவேண்டும். நீர்த்திருந்தால் ரொட்டி ஊறி, கையில் எடுக்கும்போதே பிய்ந்துவிடும். இதனால்தான் நமக்கு மிகவும் பிரியமான தேங்காய்ச் சட்னி பர்கருக்கு உதவாது. சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது! அது நீர்விடும், டிபன் டப்பாவில் மதியம்வரை தாங்காமல் கெட்டும்போகும்.

முதலிடம் தக்காளித் தொக்குக்கே. பழுத்த தக்காளி ஒரு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டுத் தக்காளியில் புளிப்பு அதிகம், நீரும் அதிகம். பெங்களூர்த் தக்காளியில் சதை அதிகம். இரண்டையும் பாதிப் பாதியாகக் கலப்பது சிறந்தது. அகன்ற வாணலியில் மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி, கடுகு தாளித்து, பெருங்காயம் சேர்த்து, நறுக்கிய தக்காளியையும் சிறு நெல்லிக்காய் அளவு புளியையும் இட்டு வதக்குங்கள். காரத்திற்குச் சாதாரண மிளகாய்த்தூளைவிடக் கர்நாடகத்துப் பியாட்கி மிளகாயை அரைத்துச் சேர்ப்பது நலம். அதில் நிறம் மிகுதி, காரம் குறைவு, சிறுபிள்ளைகளும் உண்ணலாம். மும்பை, பெங்களூர் மளிகைக் கடைகளில் இது எளிதாகக் கிடைக்கிறது. உப்புச் சேர்த்து, மூன்றில் ஒரு பங்காக வற்றி எண்ணெய் பிரியும்வரை சிறு தீயில் கிளறவேண்டும். இறுதியில் வறுத்துப் பொடித்த வெந்தயம் கால் தேக்கரண்டி. சோற்றுக்கானால் இத்துடன் நிறுத்திவிடலாம். பர்கருக்கானால், ஆறியபின் மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். வழவழப்பாகி, கரண்டியால் தடவ வரும். இனிப்புக்குப் பழகிய பிள்ளைகளுக்கு முதல் சில வாரங்கள் சுண்டைக்காயளவு வெல்லம் சேர்த்து, பிறகு படிப்படியாகக் குறையுங்கள். ஒரே நாளில் புட்டியை ஒழித்துவிட முயன்றால் வீட்டில் கலகம்தான் மூளும்!

தக்காளி விலை நம் கையில் இல்லை. 2023 ஜூலையில் பல நகரங்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சில இடங்களில் 200 ரூபாயையும் கடந்தது நினைவிருக்கலாம். ஆனால் கோலாரிலிருந்து பெங்களூருக்கும், நாசிக் பக்கத்துப் பிம்பல்காவிலிருந்து மும்பைக்கும் வரத்து மிகும் வாரங்களில் அதே தக்காளி கேட்பாரற்றுக் கிடக்கிறது. அந்த வாரத்தில் இரண்டு கிலோ வாங்கி வதக்கி, சிறு டப்பாக்களில் உறைநிலைப் பெட்டியில் வைத்துவிடுவது புத்தியுள்ள இல்லத்தரசியின் வழி.

இனி, மும்பையில் வாழ்வோர் வெகுதூரம் தேடவேண்டியதே இல்லை. தெருமுனையில் விற்கும் வடாபாவ் வேறென்ன, அது இந்நகரத்தின் சொந்தப் பர்கர் அல்லவா! 1966-ஆம் ஆண்டில் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே அசோக் வைத்யா என்பவர் இதை விற்கத் தொடங்கினார் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பாவ் என்ற சொல்லே ரொட்டியைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. பெரிய வெளிநாட்டுப் பர்கர் கடை ஒன்று இந்தியாவுக்கு வந்தது 1996-இல். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆலைத் தொழிலாளிகளின் பசியைத் தீர்த்த பண்டம் இது. அதில் சாஸ் எங்கே இருக்கிறது? உலர்ந்த பூண்டுச் சட்னிதான் அதன் உயிர்.

நம் ஊர்ப் பூண்டுப் பொடிக்குத் தங்கைமுறை ஆகவேண்டிய அந்தச் சட்னியைச் செய்வது மிக எளிது. இருபது பல் பூண்டைச் சிறிது எண்ணெயில் ஈரம் போகும்வரை வதக்கிக்கொள்ளுங்கள். துருவிய கொப்பரை அரை கிண்ணம், வேர்க்கடலை இரண்டு மேசைக்கரண்டி, எள் ஒரு மேசைக்கரண்டி ஆகியவற்றைத் தனித்தனியே வெறும் வாணலியில் வறுத்து ஆறவையுங்கள். மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டியும் உப்பும் சேர்த்துக் கொரகொரப்பாகப் பொடித்தால் தீர்ந்தது. நீரே இல்லாததால் ரொட்டி ஊறாது. மதிய உணவுக்குக் கட்டிக்கொடுக்க இதைப்போல் ஏற்றது வேறில்லை. மழைக்காலத்தில் மட்டும் வெளியே வைக்காதீர்கள். கொப்பரை சிக்குவாடை அடித்துவிடும்.

உருளைக்கிழங்குக் கட்லெட்டுக்குப் பூண்டுப் பொடியுடன் பச்சைச் சட்னியும் வேண்டும். கொத்துமல்லி இரண்டு கைப்பிடி, புதினா ஒரு கைப்பிடி, பச்சைமிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு. இத்துடன் ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை சேர்த்து அரைத்தால் அது நீரைப் பிடித்துக்கொண்டு சட்னியைக் கெட்டியாக்கும். மும்பைத் தெருக்களில் சாண்ட்விச் செய்வோரைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் ரொட்டி முழுவதும் வெண்ணெய் தடவி, அதன்மேல்தான் சட்னியைப் பூசுவார்கள். வெண்ணெய் ஈரத்தை உள்ளே விடாது. படிக்காத மேதைகள்!

குமரி மாவட்டத்துச் சகோதரிகளுக்கு இஞ்சிப் புளியை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பொடியாக நறுக்கிய இஞ்சியைப் பொன்னிறமாக வதக்கி, புளிக்கரைசல் ஊற்றி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, வெல்லம் சேர்த்துக் கொதிக்கவிட்டுப் பாகுபோல் இறக்கும் அந்தப் பதார்த்தம், மீன் கட்லெட் வைத்த பர்கருக்கு அத்தனை பொருத்தம். வெல்லமும் சர்க்கரையே என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் இதன் சுவை கடுமையானது. ஒரு தேக்கரண்டிக்குமேல் யாராலும் வைத்துக்கொள்ள முடியாது. புட்டி சாஸை அப்படியா அளவோடு ஊற்றுகிறோம்? புளி, தக்காளி ஆகியவற்றை அலுமினியப் பாத்திரத்தில் கொதிக்கவைக்காதீர்கள். புளிப்பு அந்த உலோகத்தை அரிக்கும். எவர்சில்வர் அல்லது மண்சட்டியே தக்கது.

இப்போது ஒரு எச்சரிக்கை. கெட்சப்பை விட்ட பிள்ளைகள் மயோனைசைக் கேட்கத் தொடங்குவார்கள். வாலிபர் கூடுகைக்குப் பலகாரம் செய்பவர்களும் இதைச் சற்றே கவனித்து வாசிக்கவேண்டும். வீட்டில் மயோனைஸ் செய்வது சுலபம் என்று சொல்லி, பச்சை முட்டையையும் எண்ணெயையும் மிக்சியில் அடிக்கும் முறை எங்கும் பரவியிருக்கிறது. வேகாத முட்டையில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். அடித்த மயோனைஸ் நமது நகரங்களின் வெப்பத்தில் சில மணி நேரம் வெளியே இருந்தால் அது பெருகி, கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். சிறுபிள்ளைகளுக்கும் முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் உயிருக்கே ஆபத்தாகலாம். பச்சை முட்டை மயோனைசைக் கேரள அரசு 2023 ஜனவரியிலும், தெலங்கானா அரசு 2024 அக்டோபரிலும் தடைசெய்தன. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை விதித்தது. கடைகளுக்கு விதித்த தடை நம் வீட்டு மிக்சியைத் தேடி வராது. நாமே விதித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதற்குப் பதில் என்ன? தயிர்! அரை லிட்டர் கெட்டித் தயிரைச் சுத்தமான மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, அடியில் ஒரு கிண்ணத்துடன் குளிர்பதனப் பெட்டியில் நான்கு மணி நேரம் விட்டுவிடுங்கள். வெளியே தொங்கவிட்டால் வெயில் காலத்தில் புளித்துவிடும். மகாராஷ்டிரத்தில் ஸ்ரீகண்ட் செய்ய இதையே சக்கா என்ற பெயரில் பால்கடைகளில் விற்கிறார்கள். நேரமில்லாதவர்கள் இனிப்பில்லாததைக் கேட்டு வாங்கலாம். நசுக்கிய பூண்டு ஒரு பல், மிளகுத்தூள் அரை தேக்கரண்டி, பொடித்த கடுகு அரை தேக்கரண்டி, உப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்துக் கரண்டியால் அடித்தால் மயோனைசுக்கு ஈடான வெண்மையும் வழவழப்பும் வந்துவிடும். கோழிக்கறி வைத்த பர்கருக்கு இதுவே என் தெரிவு. ஆனால் இரண்டு நாளுக்குமேல் வைக்கவேண்டாம்.

பாதுகாத்து வைப்பதைக் குறித்தும் சொல்லவேண்டும். கடைச் சாஸ் கெடாமல் இருப்பதற்கு அதிலுள்ள சர்க்கரையும் வினிகரும் உப்பும் பல வேளைகளில் பதப்படுத்தும் மருந்தும் காரணம். அவற்றைக் குறைத்துவிட்டு, அதே ஆயுளையும் எதிர்பார்ப்பது நியாயமன்று. தொக்கும் இஞ்சிப் புளியும் வெந்நீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடிப் புட்டியில், ஈரமற்ற கரண்டியால் எடுத்தால், குளிர்பதனப் பெட்டியில் பத்து நாள் தாங்கும். பச்சைச் சட்னிக்கு இரண்டு அல்லது மூன்று நாள். பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, அதை விட்டுவிடுங்கள். காற்றுப்புகாத எண்ணெய்க்குள் நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சுக் கிருமி வளர இடமுண்டு. வாசனையிலோ நிறத்திலோ அது தன்னைக் காட்டிக்கொள்ளாது.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்களானால், வருகிற சனிக்கிழமை மாலை தொக்கிலிருந்தே தொடங்குங்கள். பாவ் ரொட்டியைக் குறுக்கே வெட்டி, தோசைக்கல்லில் சிறிது வெண்ணெயில் உட்புறம் சிவக்கும்வரை வாட்டி, ஒரு பக்கம் தொக்கையும் மறுபக்கம் வடித்த தயிரையும் தடவுங்கள். நடுவில் கட்லெட்டும், மெல்லிய வட்டமாக அரிந்து உப்பு நீரில் ஐந்து நிமிடம் போட்டெடுத்த வெங்காயமும். சிவப்புப் புட்டியை மேசைமேல் வைக்காமல் பெட்டிக்குள்ளேயே இருக்கவிடுங்கள். பிள்ளைகள் எழுந்துபோய் எடுக்கிறார்களா இல்லையா என்று பார்ப்போம்.