வீட்டுக்கூரைச் சூரிய மின்சாரம் (சென்னை)

வீட்டுக்கூரைச் சூரிய மின்சாரம் என்பது குடியிருப்புகளின் மொட்டை மாடியில் பொருத்தப்படும் ஒளிமின் தகடுகளால் ஆக்கப்படும் மின்சாரம் ஆகும். தகடுகள் தரும் நேர் மின்னோட்டத்தை இன்வெர்ட்டர் மாறுதிசை மின்னோட்டமாக மாற்றி வீட்டுக்கு அளிக்கிறது. 1 கிலோவாட் அமைப்புக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழலற்ற இடம் தேவை. தமிழ்நாட்டில் அது சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் மின்சாரம் தரும்.

வெயில் மிகுந்தால் மின்சாரமும் மிகும் என்று கருதுவது முழுவதும் சரியன்று. சிலிக்கான் தகடுகளின் திறன் 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறைகிறது. கோடை நண்பகலில் தகட்டின் வெப்பநிலை 60 பாகையை எட்டினால் இழப்பு 14 விழுக்காடு ஆகும்.

செலவும் மானியமும்

தமிழ்நாடு அரசு 2012 இல் சூரிய ஆற்றல் கொள்கையை வெளியிட்டது. நடுவண் அரசு 2024 பெப்ரவரி 13 அன்று தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியம் அளிக்கிறது. உச்ச வரம்பு 78,000 ரூபாய். திட்டம் அடிப்படையாகக் கொண்ட விலைப்படி 2 கிலோவாட் அமைப்பு 1,00,000 ரூபாய். மானியம் போக வீட்டுக்காரர் பங்கு 40,000 ரூபாய். சந்தை விலை இதனினும் கூடுதலாக இருப்பதுண்டு.

இப்பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்பதைத் தகடுகளைக் காட்டிலும் மின்கட்டணப் படிநிலைகளே முடிவு செய்கின்றன. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம் (2024 இல் இது மேலும் உயர்ந்தது). இரு மாதங்களுக்கு 800 யூனிட் செலவிடும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம் போகக் கட்டணம் 4,550 ரூபாய். 2 கிலோவாட் அமைப்பு அக்காலத்தில் 480 யூனிட் தந்தால், நிகர அளவீட்டு முறையில் எஞ்சுவது 320 யூனிட். அதற்குக் கட்டணம் 765 ரூபாயே. 500 யூனிட்டைத் தாண்டாதவர்களுக்குரிய குறைந்த கட்டணமும் சேர்ந்து கிடைப்பதே இதற்குக் காரணம். ஆண்டுச் சேமிப்பு ஏறத்தாழ 22,700 ரூபாய். முதலீடு இரண்டு ஆண்டுக்குள் மீளும். ஆனால் தொடக்கத்திலேயே 320 யூனிட் மட்டும் செலவிடும் வீடு ஆண்டுக்கு 4,590 ரூபாய்க்கு மேல் சேமிக்கவே முடியாது. அங்கு அதே அமைப்புக்கு எட்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். (வலையமைப்புக் கட்டணம் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.)

கூரை யாருடையது?

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நெடுஞ்சாலையில் உள்ள கூட்டேரிப்பட்டு போன்ற ஊர்களில் தனி வீடுகளும் நிழல் விழாத கூரைகளும் எளிதில் கிடைக்கும். ஆனால் இரண்டு மின்விசிறியும் தொலைக்காட்சியும் மட்டும் உள்ள வீட்டின் மின்செலவு பெரும்பாலும் இலவச யூனிட்டுகளிலேயே அடங்கிவிடும், சேமிக்க ஏதுமில்லை. சென்னையில் குளிர்சாதனப் பொறியால் கட்டணம் உயர்கிறது, ஆனால் கூரை பலருக்குப் பொதுவானது. எட்டு வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் 1,000 சதுர அடி கிடைத்தால் 10 கிலோவாட் அமைக்கலாம். பங்கு வீட்டுக்கு ஒன்றேகால் கிலோவாட். அந்த 1,000 சதுர அடியும் துணி உலர்த்தும் கொடி, நீர்த்தொட்டி, வடகம் காயவைக்கும் இடம் ஆகியவை போகவே கிடைக்க வேண்டும். தகடுகள் தொடராக இணைக்கப்படுவதால், தொட்டியின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும் முழு வரிசையின் ஆக்கமும் குறையலாம். பொதுப் பயன்பாட்டு மின்சாரத்துக்காகக் குடியிருப்போர் சங்கங்கள் அமைத்தால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. மின்தூக்கிக்கும் நீரேற்றிக்கும் இது பயன்படும்.

மின்தடையின்போது

மின்வலையுடன் இணைந்த இன்வெர்ட்டர், மின்தடை ஏற்பட்டவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் பணியாற்றும் ஊழியரை மின்சாரம் தாக்காதிருக்கவே இந்த ஏற்பாடு. 2016 திசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலுக்குப் பின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய வேளையில் மின்கல அடுக்கு இல்லாத வீட்டில், வெயிலடித்தாலும் விளக்கு எரியாது. மின்கல அடுக்கு சேர்த்தால் செலவு கணிசமாக உயரும். காரீய-அமில வகையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். தகடுகள் 25 ஆண்டுகள் உழைப்பவை. இன்வெர்ட்டரை அதற்குள் ஒருமுறையேனும் மாற்ற நேரிடும். தூசி படியும் தெருக்களில் தகடுகளை அவ்வப்போது நீரால் கழுவ வேண்டும். காலையில் தகடு சூடேறுமுன் கழுவுவது நல்லது.