கனம் பார்க்காதீர்கள், பிடி பார்த்து வாங்குங்கள்!

குளிர்ந்த ஆற்றில் கயாக் ஓட்டக் கிளம்புகிறவர்களுக்குக் கையுறை வாங்கும் யோசனைகள்

புதுச்சேரியின் சேதராப்பட்டு தொழிற்பேட்டைப் பக்கம் கிளவுஸ் புதிய பொருளல்ல. கூரான தகட்டைத் தூக்க ஒன்று, எண்ணெய்ப் பிசுக்குக்கு வேறொன்று. சுழலும் டிரில்லிங் மெஷின் அருகே எதுவுமே கூடாது. கையுறையைத் தீர்மானிப்பது வேலைதான். துடுப்புப் பிடிக்கும் கைக்கும் அதே கணக்கு.

பக்கத்து ஊசுட்டேரியிலோ சுண்ணாம்பாற்றிலோ குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. மார்கழி விடியலிலும் புதுச்சேரியில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். இங்கே தொல்லை வெயிலும் கொப்புளமும்தான். விரல்நுனி திறந்த மெல்லிய கையுறை போதும். அதே கையுறையோடு டிசம்பரில் ரிஷிகேஷ் கங்கையில் இறங்கினால் விரல் மரத்துவிடும். லடாக்கின் சன்ஸ்காரில் ஜூலையிலும் ஓடுவது பனி உருகிய நீர். முதுகை வெயில் சுட, கை விறைக்கும். காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடற்சூட்டைக் கடத்திவிடும்.

என்ன வாங்கலாம்?

பலரும் தேர்ந்தெடுப்பது நியோபிரீன் கையுறை. மிதமான குளிருக்கு 2 மி.மீ. கனம் போதும், கடுங்குளிருக்கு 3 முதல் 5 மி.மீ. ஆனால் கனம் ஏற ஏறத் துடுப்பை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். முன்னங்கை சீக்கிரம் களைத்துவிடும். உள்ளங்கைப் பகுதி மெல்லியதாகவும், விரல்கள் இயல்பாக மடங்கியிருக்கும் வளைவிலும் தைத்திருப்பது நல்லது. அளவு இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து குளிர்தான் கூடும். தளர்ந்தாலோ உள்ளே தண்ணீர் புகுந்து சுழலும்.

இன்னொரு வகை 'போகீஸ்'. துடுப்பின் தண்டிலேயே மாட்டியிருக்கும் இந்த உறைக்குள் வெறுங்கையை நுழைத்துக்கொள்ளலாம். பிடி கெடாது, காற்றும் படாது. துடுப்பை விட்டுவிட்டால் மட்டும் கைக்குப் பாதுகாப்பில்லை. அதனால் அனுபவசாலிகள் உயிர்காப்பு ஜாக்கெட் பையில் ஒரு ஜோடி கையுறையும் வைத்திருப்பார்கள்.

உடம்பு குளிர்ந்தால் உள்ளுறுப்புகளைக் காக்க விரல்களுக்குப் போகும் ரத்தம் குறையும். ஆகவே வெட்சூட்டும் தலைக்குக் குல்லாவும் இல்லாமல், விலையுயர்ந்த கையுறை மட்டும் உதவாது.

பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை. கயாக் கவிழ்ந்தால் இடுப்பைச் சுற்றியுள்ள ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் முன்வளையத்தை இழுத்துத்தான் வெளியேற வேண்டும். கையுறையை மாட்டி, கண்ணை மூடி, அந்த வளையத்தைத் தடவிப் பிடித்து இழுத்துப் பாருங்கள். முடியவில்லையென்றால், எவ்வளவு கதகதப்பாக இருந்தாலும் அது உங்களுக்கான கையுறை அல்ல.