உங்களுக்குத் தெரியுமா? முயல் முடியில் சிக்கு விழுந்தால்…

ஆரம்பாக்கத்தில் வலையைச் சிக்கெடுப்பவரின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே, முயல் முடியைப் பிரிக்கும் வித்தை பாதி வந்துவிடும். வெடுக்கென்று இழுக்கமாட்டார். ஓரத்தில் தொடங்கி, தளர்த்தித் தளர்த்தி, கண் கண்ணாக விடுவிப்பார். முயலுக்கும் அதே பக்குவம்தான். ஆனால் வலை அறுந்தால் பின்னிக்கொள்ளலாம். இங்கே அறுபடுவது தோல்.

◆ முயலின் தோல் மெல்லியது, தொளதொளப்பானது. சிக்கைப் பிடித்துத் தூக்கினால் தோலும் கூடாரம்போல எழும்பி வரும். முடி என்று நம்பி வெட்டினால் ரத்தம். வீட்டில் கத்தரிக்கோல் வேண்டவே வேண்டாம்.

◆ மடியில் பழைய துண்டை விரித்து முயலை உட்கார வையுங்கள். சிக்கின் அடியை, தோலை ஒட்டி, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டால் இழுப்பு தோலுக்குப் போகாது. ஒரு சிட்டிகை சோளமாவு தூவி, விரலாலேயே நாலைந்து புரியாகப் பிரியுங்கள். அப்புறம்தான் சீப்பு, அதுவும் நுனியிலிருந்து. ஐந்து நிமிடம் போதும், மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவாதீர்கள், மூச்சில் ஏறும். தோலோடு தோலாக இறுகிப்போன கட்டி டாக்டரின் டிரிம்மருக்கு உரியது.

◆ குளிப்பாட்டினால் சிக்கு இளகாது, இன்னும் இறுகும். பயத்திலும் குளிரிலும் முயல் அதிர்ச்சியில் செத்தே போகலாம்.

◆ மல்லாத்திப் போட்டால் அசையாமல் கிடக்கும். சுகமாகச் சொக்கிவிட்டது என்று வீடியோ எடுக்கிறவர்கள் உண்டு. அது சுகமல்ல, பயத்தில் உறைந்துபோவது. திமிறிப் பின்னங்காலை உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியலாம்.

◆ சிக்கு எங்கே விழுகிறது என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும். தாடைக்குக் கீழே என்றால் எச்சில் வழிகிறது, பல்லைப் பார்க்க வேண்டும். முயலின் பல் சாகும்வரை வளரும். முன்னங்கால் உட்புறம் என்றால் ஒழுகும் மூக்கை அதில் துடைத்துக்கொண்டே இருக்கிறது. வாலடியில் என்றால் பெரும்பாலும் நம் கைவரிசை! முயல் தன் மென்புழுக்கையை ஆசனவாயிலிருந்தே நேராக எடுத்துத் தின்னும். பன்னும் பிஸ்கட்டும் கொடுத்துக் கொழுக்க வைத்தால் குனிய முடியாது. புழுக்கை அங்கேயே அப்பிக்கொள்ளும். அறுகம்புல்லுக்கு மாறுங்கள்.

◆ கருவாடு காயும் ஊரில் ஈக்குப் பஞ்சமா? அப்பிய முடியில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு நெளியும், உயிரோடு சதையைத் தின்னும். வெயில் காலத்தில் தினமும் ஒருமுறை வாலைத் தூக்கிப் பாருங்கள். புழு கண்ணில் பட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாய்க்கு உண்ணி போக விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து முயலுக்கு விஷம்.

◆ உள்ளூரில் முடியாவிட்டால் சூலூர்பேட்டையிலிருந்து வரும் ரயிலில் ஏறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கலாம். 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே, வேப்பேரியில். முயலுக்கு வியர்க்காது, சூடு வெளியேறுவது முக்கியமாகக் காது வழியே. அதனால் பயணத்தின்போது ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூடையில் வையுங்கள்.

◆ அங்கோரா முயலுக்கு மாதம் சுமார் 2.5 செ.மீ. முடி வளரும். 2014இல் கலிபோர்னியாவில் பிரான்செஸ்கா என்ற அங்கோராவின் முடி 36.5 செ.மீ. நீளம் இருந்தது, கின்னஸ் சாதனை. நம் நாட்டில் அங்கோரா இமாசலக் குளிரில், குலு மாவட்டத்துக் கார்சாவில் வளர்கிற ஜாதி. கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி மையம் இறைச்சிக்காக வளர்ப்பதோ குட்டை முடி ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா. பழவேற்காட்டு ஏரிக்கரைப் புழுக்கத்துக்கு அழகு பார்த்து நீள முடிக்காரனை வாங்குவது, என்னைக் கேட்டால், பாவம்.

◆ நாய், பூனைபோல முயலின் பாதத்தில் மெத்தை கிடையாது. உள்ளங்கால் முடிதான் அதன் செருப்பு. அடர்ந்து கிடக்கிறதே என்று மழித்துவிடாதீர்கள், புண்ணாகும்.

◆ நக்கி நக்கி விழுங்கிய முடியை முயலால் வாந்தியெடுக்க முடியாது. முடி உதிரும் நாட்களில் தினமும் சீவுங்கள். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

◆ பெட்டை முயல் தன் மார்பு முடியைத் தானே பிடுங்கிப் போடுகிறதா? சினையாக இருந்தால், அது குட்டிகளுக்கு மெத்தை போடுகிறது. விளக்குமாற்றை எடுக்காதீர்கள்.